சென்னையில் கிட்டார் பயிற்சி நிலைகள்

கிட்டார் கற்பவரின் தேர்ச்சியைக் குறிக்க மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வகுப்புகளில் ‘பிகினர்’, ‘இன்டர்மீடியட்’, ‘அட்வான்ஸ்டு’ என்ற சொற்கள் புழங்குகின்றன. இவற்றுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு மாஸ்டரிடம் இன்டர்மீடியட்டாக இருந்தவர் இன்னொருவரிடம் போனால் முதல் பாடத்திலிருந்து தொடங்க நேரலாம். நடைமுறையில் மாணவரை அளப்பவை மூன்று: கிரேடுத் தேர்வு, திரைப்பாடல், கர்நாடக இசைப் பாடமுறை.

இந்த மூன்று வழியிலும் நடந்தவர் திரை இசையமைப்பாளர் இளையராஜா. 1968இல் சென்னைக்கு வந்தவர், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்விலும் தேறினார். பின்னாளில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை கற்றார்.

டிரினிட்டி தேர்வு ‘இனிஷியல்’ நிலையில் தொடங்கி எட்டாம் கிரேடு வரை செல்லும். அதற்குமேல் டிப்ளமோக்கள் உண்டு. கிளாசிக்கல் கிட்டார் தேர்வுக்கு நைலான் கம்பிக் கருவி வேண்டும். 100 மதிப்பெண்ணில் 60 எடுத்தால் தேர்ச்சி, 75 எடுத்தால் மெரிட், 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் மூன்று உருப்படிகளுக்கே போகிறது. அதனால் அந்த மூன்றை மட்டும் மாதக்கணக்கில் உருப்போட்டுத் தேறிவிட முடிகிறது. ஐந்தாம் கிரேடு முடித்த பிள்ளை வீட்டில் யாரோ பாடும் பாட்டுக்குக் கார்டு பிடிக்கத் திணறுவதற்குக் காரணம் இதுதான். கிரேடைக் குறை சொல்வதற்கில்லை. பார்த்தவுடன் வாசிப்பது, கேட்டு அறிவது ஆகியவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. அவற்றைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிவைப்பதுதான் கோளாறு.

திரைப்பாடல் வழியில் சான்றிதழ் இல்லை, ஆனால் படிகள் தெளிவானவை. முதல் சில வாரம் ஸ்டீல் கம்பி விரல்நுனியை வலிக்கச் செய்யும். பிறகு தோல் தடித்துவிடும். ஜி, சி, டி, ஈ மைனர் கார்டுகள் அதற்குள் வந்துவிடும். கார்டு மாறும்போது வலது கையின் ஸ்ட்ரம்மிங் நிற்காமல் ஓடுவதே முதல் உண்மையான படி. அடுத்தது எஃப் கார்டு: ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து முதல் ஃப்ரெட்டில் கம்பிகள் எல்லாவற்றையும் அழுத்த வேண்டும். பலர் கிட்டாரை மூலையில் சாத்துவது இந்த இடத்தில்தான். அதே பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் பழகிவிட்டுக் கீழே இறங்கினால் வலி குறையும். அதன்பின் விரல்களால் தனித்தனிக் கம்பியை மீட்டும் பாணி. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ இதற்கு உரைகல். அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர்.

கர்நாடக வழி தொடக்கத்திலேயே வேறுபடுகிறது. மேற்கத்திய மாணவர் பெரும்பாலும் சி மேஜரில், அதாவது நம் சங்கராபரணச் சுரங்களில் தொடங்குவார். சரளி வரிசையோ புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் மரபுப்படி மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. ஒரே கம்பியில் ச-ரி ஒரு ஃப்ரெட், ரி-க மூன்று, க-ம ஒன்று. மத்திமத்திலிருந்து பஞ்சமத்துக்கு இரண்டு ஃப்ரெட் தாண்டினால் ப-த-நி-ச அதே அளவில் திரும்ப வருகிறது. இந்த ஒழுங்கு விரலுக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி என்று பாடம் வளரும்.

கடினம் கமகத்தில் இருக்கிறது. ஃப்ரெட் சுரத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறது, ராகம் அசைவைக் கேட்கிறது. கம்பியை வளைத்தும், விரலை வழுக்கியும் அந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரில் இது கைகூடும் என்று காட்டியவர் சுகுமார் பிரசாத். அடுத்த தலைமுறையில் பிரசன்னா, சென்னை ஐஐடியிலும் பின்பு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியிலும் படித்தவர், முழுக் கச்சேரியையே கிட்டாரில் நிகழ்த்தினார். வளைத்த கம்பி காந்தாரத்தை இம்மியும் பிசகாமல் தொடுகிறதா என்று தம்புராவோடு சேர்த்துக் கேட்டுப் பழகுவது இந்த வழியில் பல ஆண்டு வேலை. எந்த கிரேடுப் பட்டியலிலும் அதற்கு ஒரு எண் கிடையாது.