நீங்கள் இடதா, வலதா? வாக்குச்சீட்டு கேட்பது வேறு கேள்வி

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு அடிபடத் தொடங்கினாலே என் உயர்தர அரசறிவியல் வகுப்பு கலகலப்பாகிவிடும். இம்முறை மாணவர்கள் கைபேசியில் ஒரு வினாக்கொத்தைச் செய்து பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்கள் அரசியல் சாய்வு என்னவென்று அது ஒரு கட்டத்தில் புள்ளி வைத்துக் காட்டும். ஒரு மாணவன் எழும்பி, "சேர், நான் பச்சை" என்றான். வீட்டில் அதைச் சொன்னதும் வாப்பாவுக்குப் பெரிய சந்தோஷமாம். "டட்லி காலத்திலிருந்தே நம்மட குடும்பம் பச்சைதானே" என்றாராம்.

அந்தப் பச்சை ஐக்கிய தேசியக் கட்சியின் பச்சை அல்ல. 'பொலிட்டிக்கல் கொம்பஸ்' என்ற அந்தத் தளத்தில் பச்சைக் கட்டம் என்பது பொருளாதாரத்தில் இடதுசாரியும், அரச அதிகாரத்தை விரும்பாதவரும் நிற்கும் இடம். வாப்பாவின் கட்சி நிற்கக்கூடிய இடத்துக்கு அது ஏறக்குறைய எதிர்ப்பக்கம். வகுப்பே சிரித்தது. ஆனால் அன்று பாடத்திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பற்றியே பேச வேண்டியதாயிற்று.

இடது, வலது என்ற சொற்கள் 1789 இல் பிரெஞ்சுத் தேசிய சபையில் உறுப்பினர்கள் அமர்ந்த பக்கங்களிலிருந்து வந்தவை. மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் வலப்பக்கமும் எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் இருந்தார்கள். 2001 இல் தொடங்கப்பட்ட பொலிட்டிக்கல் கொம்பஸ், அந்த ஒற்றைக் கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோட்டைப் போட்டது. கிடைக்கோடு பொருளாதாரம், நிலைக்கோடு அதிகாரமும் தனிமனித சுதந்திரமும். 62 கூற்றுகளுக்கு 'உடன்படுகிறேன்', 'உடன்படவில்லை' என்று அழுத்தமாகவோ மென்மையாகவோ பதில் சொல்ல வேண்டும். நடுநிலைப் பதிலுக்கு இடமில்லை.

நானும் செய்து பார்த்தேன். புள்ளி கிட்டத்தட்ட நடுவில் விழுந்தது. ஏன் என்று யோசித்தபோதுதான் விடயம் புரிந்தது. குடும்பம், திருமணம், ஒழுக்கம் பற்றிய கேள்விகளுக்கு மார்க்கப் பற்றுள்ள ஒருவர் சொல்லும் பதில்கள் அவரை நிலைக்கோட்டில் மேலே, அதிகாரத்தின் பக்கம் தள்ளும். அதே மனிதர் 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கண்டு அஞ்சுபவர். கொவிட் காலத்தில் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்த அரசாணையை மறக்காதவர். அரசு எல்லை மீறக்கூடாது என்ற அவரது பதில்கள் அவரைக் கீழே இழுக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் வருவது நடு. இரண்டு பக்கமும் உறுதியான கருத்துள்ளவரை, கருத்தே இல்லாதவர் போல அந்தப் புள்ளி காட்டுகிறது. காணிப் பிரச்சினை, மொழி, அதிகாரப் பகிர்வு போன்ற, நமது வாக்கை உண்மையில் அசைக்கும் விடயங்களுக்கு அந்தக் கட்டத்தில் கோடே இல்லை.

ஜேர்மனியில் 2002 முதல் நடத்தப்படும் 'வால்-ஓ-மாட்' இதைவிடப் பயனுள்ளது. அதில் ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தத் தேர்தலில் பேசப்படும் விடயங்களை வைத்துக் கூற்றுகளைத் தயாரிக்கிறார்கள். கட்சிகளே முன்கூட்டிப் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாக்காளர் தன் பதிலைக் கட்சிகளின் பதிலோடு ஒப்பிடலாம். தனக்கு முக்கியமானவற்றுக்கு இரட்டிப்புப் பெறுமதி கொடுக்கலாம். நம் நாட்டுக் கட்சிகளிடம் இப்படி எழுத்தில் பதில் வாங்க முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

எந்த வினாக்கொத்தும் நாம் எங்கே நிற்கிறோம் என்றுதான் சொல்லும். நமது வாக்கு என்ன செய்யும் என்று சொல்லாது. அதைச் சொல்வது தேர்தல் சட்டத்தின் கணக்கு. என் அவதானத்தில் நம் சமூகம் இந்த இரண்டையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறது. மனம் விரும்பியவருக்கே துணிந்து வாக்களிக்க இடமுள்ள ஜனாதிபதித் தேர்தலில் தந்திரம் பேசுகிறோம். கணக்குப் பார்க்க வேண்டிய பாராளுமன்றத் தேர்தலில் 'ஒற்றுமை' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். (மாகாண சபை முறை 2017 இல் மாற்றப்பட்டு, எல்லை நிர்ணயத்தில் சிக்கி நிற்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

முதலில் பாராளுமன்றம். மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகள் கழிக்கப்படும். 1988 வரை இந்த வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்காக, அதாவது 12.5 வீதமாக இருந்தது. 15 ஆவது திருத்தம் அதை 5 ஆக்கியதில் மர்ஹூம் அஷ்ரப் அவர்களின் பங்கை நம்மவர்கள் அறிவார்கள். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஓர் ஊக்க ஆசனம் போகும். எஞ்சிய வாக்குகளை எஞ்சிய ஆசனங்களால் வகுத்து ஓர் ஆசனத்தின் விலை தீர்மானிக்கப்படும். அந்த விலைக்கு வாங்கப்பட்டது போக மீதி ஆசனங்கள், கூடுதல் மிச்ச வாக்கு வைத்திருப்பவர்களுக்கு வரிசையாகப் போகும்.

வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிய கற்பனைக் கணக்கு இது. 7 ஆசன மாவட்டம். செல்லுபடியான வாக்குகள் 400,000. 'அ' கட்சி 150,000, 'ஆ' 70,000, 'இ' 60,000, 'ஈ' 55,000, 'உ' 45,000. மீதி 20,000 சில்லறைக் கட்சிகளுக்குச் சிதறிக் கழிகிறது. ஊக்க ஆசனம் 'அ' வுக்கு. 380,000 ஐ 6 ஆல் வகுத்தால் ஓர் ஆசனம் 63,333. 'அ' இரண்டை வாங்குகிறது, 'ஆ' ஒன்றை. மீதி மூன்றும் மிச்ச வாக்கின்படி 'இ', 'ஈ', 'உ' வுக்கு ஒவ்வொன்று. அதாவது 45,000 எடுத்தவருக்கும் ஓர் ஆசனம், 70,000 எடுத்தவருக்கும் ஓர் ஆசனம்!

இப்போது 'இ' யும் 'ஈ' யும் நம்முடைய இரண்டு கட்சிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து கேட்டால் 115,000 வாக்கு. அதற்குக் கிடைப்பதும் இரண்டு ஆசனந்தான். ஆனால் 'இ' யின் 60,000 வாக்கு மூன்று குழுக்களாக 21,000, 20,000, 19,000 என்று உடைந்தால் கதை வேறு. மூன்றாவது குழு 5 வீதத்தைத் தொடாமல் கழிந்துவிடும். மற்ற இரண்டும் மிச்ச வாக்குப் போட்டியில் 'அ' வின் 29,667 இடம் தோற்கும். 60,000 வாக்குக்கு ஓர் ஆசனமும் இல்லை; 'அ' வுக்கு நான்கு.

ஆக, பிரிவது எப்போதும் அழிவல்ல, சேர்வது எப்போதும் இலாபமுமல்ல. 2024 இல் திகாமடுல்லையின் 7 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 4 ஐ எடுக்க, தமிழரசுக் கட்சி, முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ் ஆகியன தனித்தனியே ஒவ்வொன்றைப் பெற்றன. மாறாக 2020 இல் புத்தளத்தில், நாம் சிறு தொகையாக இருக்கும் இடத்தில், தராசுச் சின்னத்தில் கூட்டாகக் கேட்டதால்தான் ஓர் ஆசனம் கைக்கு வந்தது.

கண்டி, குருநாகல் போன்ற இடங்களில் பெரிய கட்சியின் பட்டியலில் நம்மவர் ஒருவர் நிற்கும்போது கணக்கு இன்னொரு விதம். உங்கள் வாக்கு முதலில் கட்சிக்குத்தான். விருப்பு வாக்கில் அவர் பின்தங்கினால், உங்கள் வாக்கில் தெரிவானவர் வேறொருவர். மூன்று விருப்பு வாக்கு இருக்கிறதென்பதற்காக மூன்றையும் கட்டாயம் போடத் தேவையில்லை. அதே பட்டியலில் மற்ற இருவருக்கு நீங்கள் போடும் விருப்பு, நீங்கள் வெல்ல வைக்க விரும்பியவருக்கு முன்னால் அவர்களை ஏற்றிவிடக்கூடும்.

ஆசனம் வென்ற பிறகு அவர் என்ன செய்வார் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. 2020 ஒக்டோபர் 22 அன்று 20 ஆவது திருத்தம் 156 க்கு 65 என்று நிறைவேறியபோது, முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அக்கட்சியின் மற்ற நான்கு உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். அது ஜனாஸா எரிப்பு நடந்துகொண்டிருந்த காலம். அந்த மாணவி கேட்ட எழுத்துமூலப் பதில் நமக்கு ஏன் தேவை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இனி ஜனாதிபதித் தேர்தல். இங்கே 1, 2, 3 என்று மூன்று பேரை வரிசைப்படுத்த 1981 ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. எவரும் 50 வீதத்தைத் தாண்டாவிட்டால் முதல் இருவர் தவிர மற்ற எல்லோரும் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் உள்ள 2, அது பயன்படாவிட்டால் 3, அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் சேர்க்கப்படும். ஆகவே மனதுக்குப் பிடித்தவருக்கு 1 போட்டுவிட்டு, வெல்லக்கூடிய இருவரில் பரவாயில்லாதவருக்கு 2 அல்லது 3 போட்டால் வாக்கு வீணாகாது. உங்கள் 1, எல்லோரும் ஏற்கக்கூடிய ஒருவரை மூன்றாமிடத்துக்குத் தள்ளிவிடும் அபாயம் இருக்கும்போது மட்டும் சற்று யோசிக்க வேண்டும்.

2019 இல் ஹிஸ்புல்லாஹ் அவர்கள் ஜனாதிபதி வேட்பாளராக நின்றது இந்த விருப்பு வாக்கைப் பேரம்பேசும் கருவியாக்கலாம் என்ற வாதத்தில்தான். அவருக்குக் கிடைத்தவை 38,814 வாக்குகள். கோட்டாபய ராஜபக்ஷ 52.25 வீதம் எடுத்ததால் இரண்டாவது எண்ணிக்கைக்கே போகவில்லை.

முதல் எட்டு ஜனாதிபதித் தேர்தல்களிலும் அதற்குத் தேவை வரவில்லை. 2024 செப்டெம்பரில்தான் வந்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திஸாநாயக்க 5,634,915, சஜித் பிரேமதாச 4,363,035. மற்றவர்கள் எல்லோருக்கும் விழுந்தவை 33 இலட்சத்துக்கும் மேல். அந்தச் சீட்டுகளிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்கு 167,867. அதாவது நூற்றுக்கு எட்டுச் சீட்டுகள்தான் இறுதிப் போட்டியில் பேசின. ஏனைய 30 இலட்சத்துக்கும் அதிகமானவை பேசவில்லை. இறுதியில் இருவருக்குமிடையே இருந்த வித்தியாசமோ 12 இலட்சம் சொச்சம்.

பெற்றோர் கூட்டத்துக்குப் பச்சை மாணவனின் வாப்பா வந்திருந்தார். இந்தக் கணக்கை மகன் வீட்டில் சொல்லியிருக்கிறான் போலும். நான் கேட்காமலே அவர் சொன்னார்: "ரணிலுக்குத்தான் போட்டேன் சேர். புள்ளடி மட்டும்தான். இலக்கம் போடலாமெண்டு அந்நேரம் யாருமே சொல்லல்லயே."