சிறுநீரும் சாட்சியமும்: போபால் குறித்து

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் போபாலின் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் வெளியேறியது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. அந்த விஷம் உடலில் விட்டுச்சென்ற தடயத்தை வாசிக்கும் உரிமை யாருக்கு என்பதில் நடந்த அதிகாரப் போட்டி நம் சூழலில் அதிகம் பேசப்படவில்லை. (தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு மூத்திரப் பரிசோதனையில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆவணம்னா ஓலையும் கல்வெட்டும்தான்னு நினைக்கிற வரைக்கும் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.)

பிரேதப் பரிசோதனை செய்த ஹீரேஷ் சந்திரா, ரத்தம் செர்ரிப் பழச் சிவப்பாக இருந்ததைக் கண்டு சயனைடு நச்சைச் சந்தேகித்தார். அதற்கு முறிமருந்து சோடியம் தயோசல்ஃபேட் ஊசி. அது தரும் கந்தகத்தோடு சேர்ந்து சயனைடு தயோசயனேட்டாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். ஊசிக்குப் பின் சிறுநீரில் தயோசயனேட் எகிறினால், உள்ளே விஷம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். சிகிச்சையே சாட்சியமாகவும் ஆகிவிடுகிறது. சிக்கல் இங்கேதான். கண்ணும் நுரையீரலும் மட்டுமே பாதிக்கப்பட்டன என்றால் நஷ்டஈட்டுக் கணக்கு ஒன்று. விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போயிற்று என்றால் கணக்கே வேறு.

புகைபிடிப்பவர் சிறுநீரிலும் தயோசயனேட் கூடுதலாக இருக்கும். ஆகவே ஆட்சேபம் எல்லாமே சூழ்ச்சி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மருந்து ஊசியையும் போலி ஊசியையும் ஒப்பிட்டுச் சோதித்து, 1985 பிப்ரவரியில் தயோசல்ஃபேட்டைப் பரிந்துரைத்துவிட்டது. அப்புறம் என்ன ஆச்சு? ஜூன் மாதம், ஆலைக்கருகே இந்த ஊசியைப் போட்டுவந்த மக்கள் மருத்துவ மையத்துக்குள் போலீஸ் புகுந்து மருத்துவர்களைக் கைது செய்தது. பதிவேடுகளும் போயின. உடல் சொன்னதை எழுதிவைத்திருந்த தாள்கள் அவை.

பின்னர் ஸ்ரீராமாச்சாரி குழுவினர், பாதிக்கப்பட்டோர் ரத்தத்தின் ஹீமோகுளோபின் நுனியிலுள்ள வேலின் அமிலத்தோடு அந்த வாயு பிணைந்திருந்ததைக் கண்டறிந்தனர். காற்றில் கரைந்துபோன வாயு ரத்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. ஆனால் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அணு அழிந்தால் கையெழுத்தும் அழியும். சட்டத்தின் காலமோ வேறு: 47 கோடி டாலர் சமரசத் தீர்வு 1989 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்குப் பிறகு கோரிக்கை மனுவோடு வரிசையில் நின்றவர்களிடம், முதல் நாள்களில் வாங்கிய ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா என்றுதான் கேட்டார்கள்.