திண்ணைப் பேச்சும் நாவலும்: சோரா நீல் ஹர்ஸ்டனின் வாழ்வும் பணியும்

தொல்காப்பியப் பாயிரம் வழக்கையும் செய்யுளையும் ஒருங்கே மொழியாராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொள்கிறது. ஆயினும், மக்கள் வாய்மொழியை உள்ளவாறே அச்சில் ஏற்றுவது எம்மொழியிலும் எளிதாக நிகழ்ந்ததில்லை. அம்முயற்சியில் பதிப்பகத்தின் மறுப்பையும் சக எழுத்தாளரின் கண்டனத்தையும் ஒருங்கே எதிர்கொண்டவர், ஆப்பிரிக்க அமெரிக்க நாவலாசிரியர் சோரா நீல் ஹர்ஸ்டன்.

ஹர்ஸ்டன் 1891ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தில் பிறந்தார். வளர்ந்தது புளோரிடாவின் ஈட்டன்வில் என்னும் சிற்றூரில். 1887இல் உருவான அவ்வூர், கறுப்பின மக்கள் தம்மைத் தாமே ஆண்டுகொண்ட முதல் ஊர்களுள் ஒன்று. அவருடைய தந்தை அங்கு நகரத் தலைவராகவும் இருந்தார். ஊர்க் கடையின் திண்ணையில் மாலைதோறும் கூடியோர் கதை சொல்லினர், ஒருவரையொருவர் விஞ்சப் புளுகினர், வழக்காடினர். அத்திண்ணையே ஹர்ஸ்டனின் முதற் பள்ளி.

1904இல் தாய் மறைந்தபின் அவரது முறையான கல்வி தடைப்பட்டது. 1917இல், 26 வயதில், பத்து ஆண்டுகளைக் குறைத்துக் கூறிப் பால்டிமோர் நகரில் பள்ளியிற் சேர்ந்தார். பின்னர் ஹோவர்டு பல்கலைக்கழகத்திலும், நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரியிலும் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவருக்கு வழிகாட்டியவர் மானிடவியல் அறிஞர் பிரான்ஸ் போவாஸ். ஒரு மொழியைப் பிறிதொரு மொழியின் அளவுகோலால் அளத்தலாகாது என்பது போவாஸின் கொள்கை. திண்ணையில் கேட்ட பேச்சு பிழைபட்ட ஆங்கிலம் அன்று, தனக்கென ஒழுங்குடைய வழக்கு என்று காண்பதற்கு அக்கொள்கை ஹர்ஸ்டனுக்குத் துணைநின்றது. 1934இல் வெளிவந்த கட்டுரையொன்றில், ‘வெட்டுக் கோடரி’, ‘சமையற் பானை’ என்பன போல, பொருளின் பெயரோடு அதன் செயலையும் இணைத்துக் கூறும் அம்மக்களின் சொல்லாக்க முறையை அவர் எடுத்துக்காட்டினார்.

அவரது நெறியைத் தெளிவாகக் காட்டுவது கொசோலா என்னும் முதியவரைப் பற்றிய நூலாகும். அடிமை இறக்குமதி சட்டத்தால் தடைசெய்யப்பட்டு அரை நூற்றாண்டு கடந்தபின், 1860இல், குளோட்டில்டா என்ற கப்பலில் கள்ளத்தனமாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுள் எஞ்சியிருந்த ஒருசிலருள் அவர் ஒருவர். ஹர்ஸ்டன் 1927இல் அவரைச் சந்தித்து எழுதிய முதற் கட்டுரை குறையுடையது. அதன் பெரும்பகுதி பிறரொருவரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது எனப் பின்னாளில் கண்டறியப்பட்டது. ஆயினும் அவர் மீண்டும் சென்றார். பழமும் தின்பண்டமும் கொண்டு சென்று, மாதக்கணக்கில் அம்முதியவர் அருகிருந்து கேட்டார். 1931இல் நிறைவுற்ற அந்நூலில் கொசோலா தம் சொந்தப் பேச்சிலேயே பேசினார். பொது ஆங்கிலத்தில் மாற்றித் தருமாறு பதிப்பகம் விரும்பியது. ஹர்ஸ்டன் இசையவில்லை, நூல் கையெழுத்துப் படியாகவே கிடந்தது.

1936இல் ஹெய்ட்டி நாட்டில் தங்கியிருந்தபோது ஏழே வாரங்களில் ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ என்னும் நாவலை எழுதினார்; அது மறு ஆண்டு வெளிவந்தது. ஜேனி என்னும் பெண் தன் வாழ்வைத் தோழிக்குக் கூறும் கதை அது. ஆசிரியர் கூற்று இலக்கிய நடையிலும், மாந்தர் உரை வட்டார வழக்கிலும் அமைய, இடையிடையே இரண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன.

நாவலாசிரியர் ரிச்சர்டு ரைட் அதனைக் கடுமையாகச் சாடினார். நூலில் உட்பொருள் இல்லை என்றும், கறுப்பரைக் கேலிப்பொருளாக்கி வெள்ளையரை மகிழ்வித்த மேடைக்கூத்து மரபை அது தொடர்கிறது என்றும் குறைகூறினார். அவரது அச்சத்திற்கும் காரணம் இருந்தது. அவ்வழக்கு அதுவரை பெரும்பாலும் நகைப்பதற்கென்றே அச்சேறியிருந்தது. ஹர்ஸ்டனோ அதனைக் காதலுக்கும் துயருக்கும் ஆராய்ந்த சிந்தனைக்கும் உரிய மொழியாகக் கையாண்டார். இருவரும் ஒரே மொழியைக் கேட்டனர். கேட்ட இடம் வேறு.

ஹர்ஸ்டனின் நூல்கள் மெல்ல மறக்கப்பட்டன. 1950இல் அவர் மயாமியில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தார். 1960 சனவரி 28 அன்று புளோரிடாவில் அரசு நலக் காப்பகமொன்றில் இருந்த நிலையில் மறைந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புதர் மண்டிய அந்த இடுகாட்டில் தேடி நடுகல் எழுப்பினார். அதில் பொறிக்கப்பட்ட பிறப்பாண்டு 1901. பள்ளிக்குச் செல்லும் பொருட்டுக் குறைத்த வயது கல்லிலும் நிலைத்துவிட்டது. கொசோலாவைப் பற்றிய நூல், ‘பாரகூன்’ என்னும் பெயரில், 2018இல் அவரது பேச்சு மாறாமலேயே வெளிவந்தது. எழுதி முடித்து 87 ஆண்டுகள் கடந்திருந்தன.

எழுத்து வழக்கைக் கற்பித்தல் நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் மாணவர் ஒருவர் தம் பாட்டியின் நினைவுகளைக் கேட்டு எழுதிவரும்போது, திருத்தக் கோலை எடுக்குமுன் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வோம். நாம் திருத்துவது மாணவரின் பிழையையா, பாட்டியின் குரலையா என்பதை ஒவ்வொரு முறையும் பிரித்தறிய வேண்டும்.