ஆரணிக் களமும் பெயரறியாச் சிப்பாய்களும்

பூமியில் சுற்றிவந்து, முன் வாழ்ந்த சமுதாயங்களின் முடிவு என்னவாயிற்று என்பதைக் கண்ணால் காணுமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கின்றது. அவ்வாறு கண்டு பெறுகின்ற படிப்பினைக்கு அரபு மொழியில் 'இப்ரத்' என்று பெயர். இச்சொல்லின் வேர் 'அபர' என்பதாகும். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடந்து செல்வது என்பது அதன் பொருள். கல்லையும் சுவரையும் காண்பது இக்கரை; அவற்றின் உட்பொருளை உணர்வது அக்கரை. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தம்முடைய பெருநூலுக்குக் 'கிதாபுல் இபர்' எனப் பெயர் சூட்டியதும் இந்தக் கருத்தைக் கொண்டேயாம்.

இப்ரத் பெறுவதற்கு நாம் பக்தாதுக்கும் குர்துபாவுக்கும் சென்றாக வேண்டுமென்பதில்லை. பட்டுச் சேலைக்குப் பெயர்போன நம் ஆரணியிலிருந்து காலையில் புறப்பட்டால், திமிரி வழியாக ஆற்காடும், அங்கிருந்து வேலூரும் கண்டு, கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாக இஷா தொழுகைக்கு ஊர் திரும்பிவிடலாம். இந்தச் சிறு வட்டத்திற்குள் பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்கள் அனைத்தின் சாரமும் அடங்கிக் கிடக்கின்றது. இந்தியப் படையில் இருபதாண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எம்மூரில் இருக்கின்றார். அவருக்கு இவ்வட்டத்தைச் சுற்றி வருவது ஆண்டுதோறும் ஒரு வழக்கம். அவருடன் சென்று வந்த பயணத்தில் எமக்குத் தோன்றிய எண்ணங்களையே இங்கு எழுதுகின்றோம்.

கமண்டல நாகநதியின் கரையிலுள்ள ஆரணியில் இரண்டு பெரும் போர்கள் நடந்துள்ளன. முதலாவது 1751 டிசம்பரில் நடந்தது. சந்தா சாஹிபின் மகன் ரஸா சாஹிப், பாண்டிச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் படைப்பிரிவோடு ஒருபுறம் நின்றார். நவாப் முஹம்மது அலியின் உரிமைக்காகப் போரிடுவதாகச் சொல்லிக்கொண்ட ராபர்ட் கிளைவ், மராத்தியக் குதிரைப்படையின் துணையோடு மறுபுறம் நின்றான். இடையிலே நெல்வயல்களும் அவற்றினூடே சென்ற ஒரு மேட்டுப் பாதையும் இருந்தன. நம் ஹவில்தார் அவ்வயற்புறத்தைச் சுட்டிக்காட்டி, "ஹஜ்ரத், டிசம்பர் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த நேரம். வயலெல்லாம் நீர் நிற்கும். பீரங்கிச் சக்கரம் பாதையை விட்டு இறங்கினால் புதைந்துவிடும். பாதையின்மேல் வருகிறவனைக் குறிபார்த்து அடிப்பது எளிது" என்றார். நடந்ததும் அதுவேதான். மேட்டுப் பாதையில் முன்னேறியவர்கள் பீரங்கிக் குண்டுகளுக்கு இரையானார்கள். வயலில் இறங்கியவர்கள் சேற்றிலே சிக்கினார்கள். ரஸா சாஹிபின் படை தோற்றது. பிரெஞ்சுக்காரர்கள் பயிற்றுவித்த சிப்பாய்களில் பலர் அதன்பின் கிளைவின் படையிலேயே சேர்ந்துகொண்டனர்.

இரண்டாவது போர் 1782 ஜூன் 2ஆம் நாள் நடந்தது. அப்போது ஆரணி, ஹைதர் அலியின் படைக்கலன்களும் தானியமும் சேர்த்து வைக்கப்பட்டிருந்த இடம். அதனைக் குறிவைத்து ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தார். ஹைதர் தம் மகன் திப்புவை ஆரணியைக் காக்க முன்னே அனுப்பிவிட்டு, தாம் பின்தொடர்ந்து வந்து கூட்டின் படையைத் தாக்கினார். நாள் முழுதும் போர் நடந்தது. ஹைதர் களத்தை விட்டு விலகினார். ஆனால் ஆரணிக் கோட்டையைப் பிடிக்க இயலாமல் கூட்டும் திரும்பினார். இவ்விரு பெருந்தளபதிகளும் நேருக்கு நேர் பொருதிய இறுதிப் போர் இதுவே. அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகே ஹைதர் மறைந்தார். 1783 ஏப்ரலில் சென்னையில் கூட் மறைந்தார்.

இவ்விரு போர்களையும் எண்ணிப் பார்க்கையில் ஓர் உண்மை நம்மை நிறுத்துகின்றது. 1751இல் ரஸா சாஹிபும் முஸ்லிம். அவருக்கு எதிரணியின் உரிமையாளரான முஹம்மது அலியும் முஸ்லிம். 1782இல் ஹைதரின் படையிலே முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். கூட்டின் சிப்பாய்ப் படையிலும் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். வைகறையில் களத்தின் இருபுறத்திலிருந்தும் பாங்கொலி எழுந்திருக்கும். நண்பகலில் இருபுறத்திலும் ஜனாஸாக்கள் விழுந்திருக்கும். அவர்கள் யார்? எந்த ஊரார்? எவருடைய மக்கள்? இதற்கு விடை சொல்ல ஆரணியில் ஒரு கல்லும் இல்லை.

ஆனால் கல்லே இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. ஆரணிக் கோட்டைப் பகுதியில் ஓர் உயர்ந்த நினைவுச் சின்னம் உண்டு. அது கர்னல் ராபர்ட் கெல்லி என்னும் ஆங்கிலப் படைத்தலைவருக்காக எழுப்பப்பட்டது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 செப்டம்பரில், அவர் ஆரணியில் இறந்தார். அவருக்குக் கல் எழுப்பியதைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. இறந்தவரைப் போற்றுதல் எவர்க்கும் இயல்பு. ஆயின், ஒரு கர்னலின் பெயரைக் காத்து வைத்த இந்த மண், அவருக்குக் கீழே நடந்து வந்த நூற்றுக்கணக்கான சிப்பாய்களில் ஒருவரின் பெயரையேனும் காத்து வைக்கவில்லையே என்று மனம் கேட்கின்றது.

திமிரிச் சாலை வழியே ஆற்காட்டை அடைந்தோம். நவாபுகளின் தலைநகராய் விளங்கிய அவ்வூரில் இன்று பாலாற்றங்கரையில் 'டெல்லி கேட்' என்னும் வாயிலும், கோட்டையின் சில அடையாளங்களுமே எஞ்சியுள்ளன. 1751இல் கிளைவ் இங்கு ஐம்பது நாள் முற்றுகைக்கு உள்ளானான். சென்னையிலிருந்து அவனுடன் புறப்பட்டவர்கள் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் ஆவர். முஹர்ரம் நாட்களில் நடந்த இறுதித் தாக்குதலையும் அவர்கள் முறியடித்தனர். உணவு குறைந்தபோது, சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரைக் குடித்துச் சிப்பாய்கள் உயிர் வாழ்ந்தார்கள் என்றொரு கதை உண்டு. 1840இல் மெக்காலே எழுதிய கட்டுரையால் அது உலகெங்கும் பரவிற்று. அக்கதையின் உண்மையை ஐயுறும் ஆய்வாளரும் உளர். உண்மையே ஆயினும், கஞ்சி குடித்தவரின் பெயர் அதில் இல்லை. கிளைவின் பெயரே நிலைத்தது.

ஆற்காட்டில் நம் மக்கள் பெருமளவில் நாடிச் செல்லும் இடம் திப்பு மஸ்தான் அவுலியாவின் அடக்கத்தலம். ஹைதர் அலி தம் மகனுக்குத் திப்பு எனப் பெயர் சூட்டியது இப்பெரியாரின் பெயரைக் கொண்டே என்பர். ஒரு ஃபக்கீரின் பெயர் ஒரு சுல்தானின் பெயராகி உலகெலாம் ஒலித்தது என்பது எண்ணி எண்ணி இன்புறத்தக்கதன்றோ!

ஆற்காட்டிலிருந்து வேலூர் வரையிலான சாலை ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இந்தச் சாலையில் வரும்போது ஹவில்தார் பேசவில்லை. 1806 ஜூலை 10ஆம் நாள் காலையில், வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சியை அடக்குவதற்காக ஆற்காட்டுப் பாசறையிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்த தடம் இதுவே.

அக்கிளர்ச்சியின் காரணம் நம் வாசகர் பலரும் அறிந்ததே. 1805 நவம்பரில் பிறந்த ஆணையின்படி சிப்பாய்கள் புதுவகைத் தலைப்பாகை அணியவேண்டும்; முஸ்லிம்கள் தாடியை மழிக்கவேண்டும்; இந்துக்கள் நெற்றிக்குறியும் காதணியும் நீக்கவேண்டும். மறுத்தவர்களில் ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் கசையடி பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டனர். சூடு தணியவில்லை. ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். 14 அதிகாரிகளும், 69ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த வெள்ளை வீரர் 115 பேரும் கொல்லப்பட்டனர். கோட்டையில் மைசூர்ப் புலிக்கொடி ஏறியது. ஆனால் கில்லெஸ்பி வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அரண்மனைக்குள் ஒதுங்கிய நூறு பேரளவிலான சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவரருகே நிறுத்திச் சுடப்பட்டனர். அன்று மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பது குறைந்த கணக்கு. அதனினும் மிகுதி என்போரும் உண்டு. விசாரணைக்குப் பின்னர் ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர். திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

வேலூர்க் கோட்டைக்குள் கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் அருகருகே இருக்கின்றன. அரசு அருங்காட்சியகமும் அங்கேதான் உள்ளது. கோட்டையில் சிறையிருந்து 1832இல் மாண்ட கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கரின் பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் காண்கிறோம். மாண்ட வெள்ளை வீரர்களுக்குக் கோட்டையருகேயுள்ள பழைய ஐரோப்பியக் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் இருக்கின்றது. சிப்பாய்களுக்குப் பிற்காலத்தில் நகரில் ஒரு நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. 2006இல் இருநூறாம் ஆண்டையொட்டி அஞ்சல்தலை வெளியாயிற்று. இவை நன்றிக்குரிய பணிகள். ஆயினும் பெயர்கள் எங்கே? ஷேக் ஆதம், ஷேக் ஹமீது, ஷேக் ஹுசைன், ஷேக் காசிம் என்று சில பெயர்களை ஆங்கிலேயரின் ஆவணங்கள் தருகின்றன. குற்றவாளிகள் என்று எழுதப்பட்டதால் அவர்களுடைய பெயர்கள் தப்பின. சுவரருகே சுடப்பட்டவர்களுக்கோ அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

அந்த முற்றத்தில் நின்று ஹவில்தார் சொன்னார்: "ஹஜ்ரத், தில்லியில் தேசியப் போர் நினைவகத்தைப் பார்த்தேன். 25,942 பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். என்னோடு இருந்தவன் பெயரும் அதில் இருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். இங்கே எதைத் தொடுவது?"

புதுதில்லியில் 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட அந்நினைவகத்தைப் பற்றியே அவர் கூறினார். அவர் கேள்விக்கு எம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை.

இங்கே கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். வேலூர்த் தியாகிகளை நம் முன்னோர் என்று மேடையிலே பெருமையுடன் சொல்லிக்கொள்கின்றோம். ஆனால் கில்லெஸ்பியின் பின்னே வந்தவர்களுள் சென்னைப் படையின் இந்தியக் குதிரை வீரர்களும் இருந்தனர். கிளர்ச்சி வரப்போகிறதென்று முன்கூட்டியே தன் அதிகாரியிடம் சொன்ன முஸ்தஃபா பேக் என்னும் சிப்பாயும் ஒரு முஸ்லிமே. அன்று அவன் பேச்சைப் பித்தன் பேச்சென்று தள்ளியவர்களே பின்னர் அவனுக்கு வெகுமதி அளித்தனர். ஆகவே நம் பாட்டன்மார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்டால், இரு பக்கமும் நின்றார்கள் என்பதே நேர்மையான விடையாகும். சிலர் கொள்கைக்காக நின்றார்கள். சிலர் விசுவாசத்திற்காக நின்றார்கள். மிகப் பலர் மனைவி மக்களின் உணவுக்காகச் சம்பளத்திற்கு நின்றார்கள். வென்றவரை மட்டும், அல்லது வீரமரணம் எய்தியவரை மட்டும் உறவு கொண்டாடிவிட்டு மற்றவரை மறைப்போமானால், அது வரலாறாகாது, இப்ரத்தும் ஆகாது.

திரும்பும் வழியில் கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டை என்னும் சிற்றூர் உண்டு. முதல் உலகப் போர்க் காலந்தொட்டுத் தலைமுறை தலைமுறையாய் வீட்டுக்கு வீடு படைவீரரை அனுப்பியதால் 'இராணுவப்பேட்டை' என்றே அதனை அழைக்கின்றனர். தம் வீரர்களைத் தாமே நினைவில் வைத்திருக்கும் ஊர் அது. அந்த ஊரைப் பற்றி ஹவில்தார் கூறியபோதுதான் அவருடைய கேள்விக்குரிய விடை எமக்குப் புலப்பட்டது.

அவ்விடை நம் மரபிலேயே இருக்கின்றது. பத்ருப் போரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுடன் நின்றவர் 313 பேர் என்பது பெருவழக்கு. அவர்களுடைய பெயர்களைக் குலம் குலமாக, குடும்பம் குடும்பமாக இப்னு ஹிஷாம் (மறைவு ஹிஜ்ரி 218) தம் ஸீரத்து நூலிலே வரிசைப்படுத்தி வைத்துள்ளார். தலைவர்களை மட்டும் எழுதி மற்றவர்களை 'முதலானோர்' என்று அவர் விட்டுவிடவில்லை. உமர் (ரலி) அவர்களால் உரிமையிடப்பெற்ற மிஹ்ஜஃ (ரலி) அவர்களின் பெயர் அதில் உண்டு. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற பிலால் (ரலி) அவர்களின் பெயர் உண்டு. ஷஹீதான பதினால்வரின் பெயர்களும் உண்டு. தமிழகத்துப் பள்ளிவாசல்களிலும் இல்லங்களிலும் அப்பெயர்களை ஓதி துஆ கேட்ட தலைமுறைகள் நம்முடையவை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் பாலையிலே போரிட்ட எளியவரின் பெயரைக் காத்த சமுதாயம், தன் பாட்டனாரின் பெயரை மூன்றே தலைமுறையில் மறக்கலாமா?

நம் வட்டாரத்து இல்லங்களில் பரண்மேலுள்ள தகரப் பெட்டிகளில் பழைய பட்டாளத்துச் சான்றிதழ்களும், ஓய்வூதியப் புத்தகங்களும், பதக்கங்களும், உருதுவிலும் அரபுத்தமிழிலும் எழுதிய கடிதங்களும் இன்னும் கிடக்கின்றன. வீடு இடித்துக் கட்டும்போது அவை எடைக்குப் போகின்றன. அவற்றை எடுத்துத் துடைத்துப் படியுங்கள். பெயர், தந்தை பெயர், ஊர், படைப்பிரிவு, ஆண்டு என்ற ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். முதியவர் இருந்தால் இன்றே கேட்டு எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், ஆவணத்தில் கண்டதை ஆவணத்தில் கண்டது என்றும் பிரித்து எழுதுங்கள். ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த ஒழுங்கு அதுவே. அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்காகப் பெருமையும் வேண்டா, நாணமும் வேண்டா. உண்மை ஒன்றே போதும்.

கர்னலுக்குக் கல் எழுப்ப அவருடைய மக்கள் இருந்தார்கள். சிப்பாய்க்குக் கல் எழுப்ப நமக்கு வசதியில்லாமற் போகலாம். ஒரு தாளும் எழுதுகோலும் இல்லாத வீடு நம்மில் எவருடையது? மறைந்தோரின் பெயர்களை எல்லாம் அறிந்தவன் இறைவன். அவர்தம் பிழை பொறுத்து அவன் அருள்வானாக! எழுதக் கடமைப்பட்ட நம் கைகளுக்கும் அவனே ஆற்றல் தருவானாக!