வெடிப்பைத் தோண்டும் ஊர்

கடைசல் தொழிலில் மரம் வெடிப்பது புதிதன்று. உலரும் மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை; ஆண்டு வளையத்தை ஒட்டி மிகுதியாகவும், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிக் குறைவாகவும் சுருங்கும். அந்த இழுபறியே வெடிப்பாகிறது. இன்று பல கடைசல்காரர்கள் அதில் எப்பாக்சி பிசினை ஊற்றி அடைக்கின்றனர். அது 1930களில் பிறந்த செயற்கைப் பிசின். அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்பே ஜப்பானியர் மரத்தின் பாலைக் கொண்டு இதைச் செய்தனர்.

அப்பாலின் பெயர் உருஷி. இதனை நம்மவர் 'அரக்கு' என்று எழுதிவிடுகின்றனர், பொருந்தாது. நம் அரக்கு பூச்சி சுரப்பது. உருஷி, மரத்தைக் கீறினால் காயத்தில் கசிவது. பத்துப் பதினைந்தாண்டு வளர்ந்த மரம் ஒரு பருவம் முழுவதும் தருவது ஏறத்தாழ 200 கிராம்தான். பச்சையாக உடலில் பட்டால் கொப்புளிக்கும்.

நோட்டோ தீபகற்பத்தின் வஜிமா நகரில் கடைசல் கிண்ணம் பூச்சுக்கு வந்ததும், வெடிப்புள்ள இடத்தை முதலில் கத்தியால் தோண்டி அகலமாக்குவார்கள். மேலோட்டமாகப் பூசினால் உள்ளே வெற்றிடம் நின்று, பின்னாளில் மீண்டும் பிளக்கும் அல்லவா? தோண்டிய பள்ளத்தில் உருஷி, அரிசிப்பசை, மரத்தூள் மூன்றும் பிசைந்த 'கொகுசோ'வை அழுத்தி நிரப்புவர். விளிம்பிலும் அடியிலும் துணி ஒட்டுவர். அதன்மேல், சுட்டுப் பொடித்த டயாட்டம் மண்ணை உருஷியில் குழைத்துப் பூசுவர். இம்மண்ணின் பயனை அவ்வூரார் கண்டது 1661-1673 காலத்தில் என்பது மரபு. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள்.

எனக்கு வியப்பளிப்பது உருஷி இறுகும் முறை. வெயிலில் வைத்தால் இறுகாது. அதிலுள்ள நொதி வேலை செய்யக் காற்றில் ஈரம் வேண்டும். ஆகவே நீர் தெளித்த பெட்டிக்குள் வைக்கின்றனர். ஈரம் இழந்து பிளந்த மரத்தை, ஈரத்தில் இறுகும் பால் மூடுகிறது!

எப்பாக்சிக்காரர் நீலமும் பச்சையும் கலந்து வெடிப்பையே அணியாக்குகிறார். அதுவும் அழகுதான். வஜிமாவிலோ அடைத்த இடம் பூச்சின் அடியில் மறைந்துவிடும், வாங்குபவர் அறியமாட்டார். தேய்ந்த கிண்ணம் பட்டறைக்குத் திரும்பினால், மீண்டும் பூசித் தருவர்.

1977இல் ஜப்பானிய அரசு இக்கலையை முக்கியமான அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2024 சனவரி 1 அன்று 7.6 அளவிலான நிலநடுக்கம் அவ்வூரைக் குலைத்தது. காலைச்சந்தைத் தெரு தீக்கிரையானது. பட்டறைகள் பல அழிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பெருவெள்ளமும் வந்தது. எஞ்சிய கைவினைஞர் சிலர் தற்காலிகப் பட்டறைகளில் மீண்டும் வேலைக்கு அமர்ந்தனர்.