மட்டாஞ்சேரியின் வேரும் மயக்க ஊசியும்

1663இல் கொச்சி டச்சுக்காரர் வசமானது. மலபாரில் அவர்களின் தளபதியாயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு, சில ஆண்டுகளில் இந்நாட்டு மூலிகைகளைத் தொகுக்க முற்பட்டார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் தாம் அளித்த செய்திகளுக்கு 1675 ஏப்ரலில் சான்று எழுதித் தந்தனர். அக்கொங்கணிச் சமூகத்தின் திருமலைக் கோயில் இன்றும் மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் ஆறாம் தொகுதியில் ‘சோவன்ன அமெல்பொடி’ என்றொரு செடி உண்டு. சர்ப்பகந்தா அதுவே.

சித்தம் கலங்கியோரை அதன் வேர் அமைதிப்படுத்துவதையும், இரத்த அழுத்தத்தைத் தணிப்பதையும் 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் அதை உலக மருத்துவர் கவனத்துக்குக் கொண்டுசென்றார். 1952இல் சுவிட்சர்லாந்தில் ‘ரெசர்பின்’ பிரித்தெடுக்கப்பட்டது. புகழ் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படிக்கே போய்ச் சேர்ந்தது.

அதுவரை அமைதிக்கென்று மருத்துவர் நம்பியிருந்தவை பார்பிட்டுரேட்டுகள்: 1903இல் வெரோனால், 1912இல் பீனோபார்பிட்டால். அவை மூளையை உறங்கவைப்பவை. ரெசர்பினின் வழி வேறு. நரம்பு முனைகளில் சேமித்துள்ள நார்அட்ரீனலினை அது வற்றச் செய்கிறது. நாடித் துடிப்பும் தளர்கிறது.

1950களில் ரெசர்பின் உண்டவர்கள் அறுவை மேசைக்கு வந்தனர். தயோபென்டால் முதலிய மருந்துகளால் மயக்கியபோது சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்தது. அறுவைக்கு இரு வாரம் முன்பே ரெசர்பினை நிறுத்த வேண்டும் என்று எச்சரித்தார்கள். அந்த அச்சம் மிகையென 1960களின் ஆய்வுகள் காட்டின. ஆயினும் அந்த விவாதம் ஓர் உண்மையைத் தெளிவாக்கியது: நலிந்த இதயம் பரிவு நரம்புகளின் விசையைப் பற்றிக்கொண்டே ஓடுகிறது.

இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் நீரோ குருதியோ தேங்கி அதை நெருக்கும்போது இது உயிர்ப் பிரச்சினையாகிறது. நெருக்குண்ட இதயத்தில் குருதி நிரம்ப இடமில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைகிறது. உடல் துடிப்பை விரைவாக்கியும் நாளங்களைச் சுருக்கியும் ஈடுகட்டுகிறது. தயோபென்டாலோ நாளங்களைத் தளர்த்துகிறது, இதயத் தசையையும் சோர்வடையச் செய்கிறது. அதுவரை தாக்குப்பிடித்த நோயாளி அந்த ஒரு ஊசியில் சரிந்துவிடக்கூடும். ஆகவே இயன்றவிடத்து மருத்துவர்கள் முதலில் மார்புத் தோலை மட்டும் மரக்கச் செய்து, ஊசியால் நீரை வடிக்கிறார்கள். முழு மயக்கம் அதற்குப் பிறகுதான்.