குறுகிய தடம், விரிந்த வீடு: பல்தட ஸ்பூல் டேப் ரிக்கார்டர்களின் வரலாறு (1957–1992)

முன்னுரை

ஒருவரே கிட்டார், டிரம்ஸ், குரல் என ஒவ்வொன்றாகப் பதிந்து ஒரு முழுப் பாடலை வீட்டிலேயே உருவாக்க இரண்டு சிக்கல்கள் தீர வேண்டியிருந்தன. முன்பு பதிந்ததோடு புதியது தாளம் பிசகாமல் சேர வேண்டும். கருவியும் ஓர் அறைக்குள், ஒரு தனிமனிதரின் வருமானத்துக்குள் அடங்க வேண்டும். முதலாவது 1950களில் அமெரிக்காவில் தீர்ந்தது. இரண்டாவதை ஜப்பானியக் கருவிகள் தீர்த்தன. நாடாவில் ஒரு தடத்துக்குரிய அகலம் படிப்படியாகப் பாதியானதே இரண்டாம் தீர்வின் அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்து.

தாளம் இணைந்த விதம்

கிட்டார் கலைஞர் லெஸ் பால் தொடக்கத்தில் தம் ஆம்பெக்ஸ் நிறுவன டேப் ரிக்கார்டரில் கூடுதலாக ஒரு ஹெட் (நாடாவில் ஒலியைப் பதியும் அல்லது படிக்கும் காந்தமுனை) பொருத்தினார். பழைய ஒலியோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் கலந்து அதே நாடாவில் மீண்டும் பதிந்தார். ஓரிடத்தில் பிசகினால் அதுவரையிலான உழைப்பு முழுதும் அழியும். ஒவ்வொரு சுற்றிலும் இரைச்சலும் ஏறும்.

1957இல் ஆம்பெக்ஸ் அவருக்கு விற்ற எட்டுத்தடக் கருவி, ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் பதிய வைத்து இந்த அச்சத்தைப் போக்கியது. ஆனால் பதியும் ஹெட்டும் ஒலிக்கும் ஹெட்டும் தள்ளித் தள்ளி இருப்பவை. இடைவெளி ஓர் அங்குலம் என்றால், விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் புதிய ஒலி 1/15 விநாடி பின்தங்கும். பதியும் ஹெட்டையே பழைய தடங்களை ஒலிக்கவும் பயன்படுத்தும் 'செல்-சிங்க்' முறை அந்தப் பிசகை நீக்கியது. ஆனால் கருவியின் விலை சுமார் 10,000 டாலர்.

பால் மெக்கார்ட்னி 1970இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்தின் பெரும்பகுதியை லண்டன் வீட்டில், நான்குதட ஸ்டூடர் கருவியில் மைக்கை நேரடியாகச் செருகிப் பதிந்தார். வழி திறந்திருந்தது; வசதி படைத்தோருக்கு மட்டும்.

பாதி, மீண்டும் பாதி

1970களின் தொடக்கத்தில் நான்கு ஸ்பீக்கர்களில் இசை கேட்கும் 'குவாட்ரபோனிக்' முறைக்காக நான்குதடக் கருவிகள் வந்தன. அம்முறை மக்களிடம் நிலைக்கவில்லை. ஜப்பானின் டியாக் நிறுவனமோ தன் ஏ-3340 கருவியில் செல்-சிங்க் போன்ற 'சைமல்-சிங்க்' வசதியைச் சேர்த்திருந்தது. கேட்பதற்கான கருவி, படைப்பதற்கான கருவியானது.

லெஸ் பாலின் ஓரங்குல நாடாவில் எட்டுத் தடங்கள். இடைவெளி உட்பட ஒவ்வொன்றுக்கும் சுமார் 3.2 மி.மீ. டியாக்கின் கால் அங்குல நாடாவில் அது 1.6 மி.மீ. 1980களின் தொடக்கத்தில் ஃபாஸ்டெக்ஸ் ஏ-8 அதே கால் அங்குலத்தில் எட்டுத் தடங்களை அடக்கியபோது 0.8 மி.மீ. அகலம் பாதியாகும்போதெல்லாம் ஒலிக்கும் இரைச்சலுக்குமான விகிதம் ஏறத்தாழ 3 டெசிபல் குறையும். இதை டால்பி-சி என்ற இரைச்சல் குறைப்பு முறை ஈடுகட்டியது: பதியும்போது மெல்லொலிகளை உயர்த்தி, ஒலிக்கும்போது அதே அளவு தாழ்த்தும்; அதனால் நாடாவின் இரைச்சல் அமுங்கும்.

முடிவுரை

1979இல் டியாக்கின் கேசட் போர்ட்டாஸ்டூடியோ எளிய வழியைக் காட்டியது. 1992இல் விற்பனைக்கு வந்த அடாட் என்ற கருவி எட்டுத் தடங்களை டிஜிட்டலாக வீடியோ கேசட்டில் பதிந்தது. ஸ்பூலின் காலம் முடிந்தது. எனினும் அதன் சாதனைக்கு ஏ-8 கருவியே சான்று. எட்டுத் தடங்கள் இருந்தும் ஒரே நேரத்தில் நான்கில் மட்டுமே அதில் பதிய முடியும். முழு இசைக்குழுவுக்கு அது போதாது. இரவில் தனியே அமர்ந்து ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்ப்பவருக்கு அது தாராளம். அந்தத் தனிமனிதரை மனத்தில் வைத்தே கருவி வடிவமைக்கப்பட்ட நாளில், ஒலிப்பதிவுக் கூடம் உண்மையிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது.